அஞ்சறைப் பெட்டியில் குட்டி வெள்ளை

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கோலப் போட்டி வைத்தார்கள். எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசே கிடைத்திருக்க வேண்டும். நடுவராக வந்த மேனேஜருக்குக் கோலம் தெரியாது, கலர்தான் தெரியும். போகட்டும். அந்த இரண்டாம் பரிசு, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி. அதில் கடுகு போட்டால் நாலு தாளிப்புக்குக்கூடக் காணாது. வீணாக்க மனமில்லாமல் மாத்திரை போட்டு வைத்தேன். வந்த வினையெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில். பெல்ட்டில் மூடிகள் ஓடிவரும். நெளிந்தது, உடைந்தது, கறை பட்டது எல்லாவற்றையும் நாங்கள் பொறுக்கி எடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். எங்கள் அம்மாக்கள் குனிந்து நாற்று நட்டு இடுப்பைக் கெடுத்துக்கொண்டார்கள். நாங்கள் நிமிர்ந்து நின்று முட்டியைக் கெடுத்துக்கொண்டோம். முன்னேற்றம்தான்.

கவரைப்பேட்டையில் நாங்கள் கம்பெனி பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மருந்துக்கடை இருந்தது. அங்கே டாக்டர் சீட்டெல்லாம் கேட்க மாட்டார்கள். "இடுப்பு வலி, ரெண்டு நாளைக்கு ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும். கடைக்காரர் நாலைந்து அட்டைகளை எடுத்துக் கத்தரியால் டக் டக்கென்று வெட்டி, காகித உறையில் போட்டு நீட்டுவார். அவர் வெட்டுகிற வெட்டில் மாத்திரை நம்மிடம் வரும், பெயர் அவரிடமே தங்கிவிடும். பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்யப்போகிறோம்? வலி போனால் சரி.

வலி போனதும் மிச்ச மாத்திரை என் பெட்டிக்கு வந்துவிடும். பஸ்ஸில் எல்லாரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் நிறம் பார்த்துப் பிரித்து வைப்பேன். கடுகு போட வேண்டிய கிண்ணத்தில் குட்டி வெள்ளை. சீரகத்தின் இடத்தில் வாயுவுக்கான மஞ்சள். வெந்தயத்தின் இடத்தில் சளிக்கு ரோஸ். பெரிய கிண்ணத்தில் சிவப்பும் கறுப்புமாகக் காய்ச்சல் குழாய் மாத்திரை. அதில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டால் மீதியை ஏன் விழுங்க வேண்டும் என்பது என் கட்சி. அடுத்தவருக்கு ஆகுமே!

"இன்னா டாக்டரம்மா, தல வுண்டு வுண்டுனு வலிக்கிது, எதுனா கீதா?"

"நாஷ்டா துன்னியா? துன்ட்டுப் போடு."

இப்படித்தான் தினமும் காலையில் என் வைத்தியம் நடக்கும். வெறும் வயிற்றில் போடாதே என்று நான் சொல்வதைக் கேட்டு எனக்கே என்மேல் மரியாதை வரும். பஸ் டிரைவர் மட்டும் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். "ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க. உனுக்கு இன்னும் எத்தினி பேரு பாக்கி?"

பெட்டியில் ராஜா குட்டி வெள்ளைதான். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவே. ஆனால் எந்த வலிக்கும் கேட்கும். நானே ஒன்றரை வருடமாகத் தினம் ஒன்று போட்டேன். இடுப்பு வலி இருந்த இடம் தெரியவில்லை. பசி என்றால் அப்படி ஒரு பசி. என் டிபன் முடிந்ததும் அடுத்தவள் டிபனை எட்டிப் பார்ப்பேன். கன்னம் இரண்டும் உப்பி முகம் பூரணச் சந்திரனாகிவிட்டது. பள்ளிப்பட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்த நாத்தனார் என் தாடையைப் பிடித்து, "கம்பெனி சோறு நல்லா ஒத்துக்கிச்சு போல, மூஞ்சி எப்டி தளதளன்னு கீது பாரு!" என்றாள். வாழ்நாளில் அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். அதையும் அந்த மாத்திரைதான் வாங்கிக் கொடுத்தது.

பஸ்ஸில் என் பெட்டிக்குக் கை நீட்டாத ஒரே ஆள், ஆறு வருடமாக என் பக்கத்து சீட்டில் உட்காரும் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பஸ் கிளம்பும்போது கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபம் பண்ணுவார். முடிந்ததும் கண்ணைத் திறந்து ஊர்க்கதை ஆரம்பிப்பார். அவருக்குச் சர்க்கரை உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரையை வேளை தவறாமல் போடுவார், வேறு எதையும் தொட மாட்டார். "உன் கடுகு டப்பா எனுக்கு வேணாம்டி" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு முட்டி வீங்கியது. நிற்க முடியாமல் அரை மணிக்கொரு தரம் சுவரில் சாய்ந்தார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "நிக்க முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆள் போட்டுக்கறேன்" என்றார். அக்காவுக்கு அந்தச் சம்பளத்தைத் தவிர வேறு வழியில்லை. மறுநாள் பஸ்ஸில் ஜெபம் முடித்து, ஊர்க்கதை பேசாமல், உள்ளங்கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் இவரும் வந்துவிட்டாரே! காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று குட்டி வெள்ளையை எண்ணிக் கொடுத்தேன். பெரிய முட்டி, அதனால் இரண்டு.

மூன்றாம் நாளே அக்கா விறுவிறுவென்று நடந்தார். பத்து நாள் பெல்ட் பக்கத்தில் சிலைபோல நின்றார். நான் பஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். அவர் இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு மூன்றாவதற்கு என் பாட்டிலைக் கேட்டதும், அடிக்கடி கழிவறைக்கு ஓடியதும் கண்ணில் பட்டன. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். சர்க்கரைக்காரர் அப்படித் தண்ணீர் குடித்தால் என்ன அர்த்தம் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை.

பதினோராம் நாள் காலையில் அக்கா நல்ல மூடியையெல்லாம் கழிவுக் கூடையில் போட ஆரம்பித்தார். "அக்கா, இன்னா பண்ற?" என்று திரும்பினேன். அவர் அப்படியே தரையில் சரிந்தார்.

கம்பெனி வேனில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். துணைக்கு நான்தான் போனேன். விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. என் மகள் வயதிருக்கும் டாக்டருக்கு. அக்காவின் கன்னத்தைத் தட்டி, "புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

அக்கா அரைக்கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார், அந்த நிலையிலும். பெட்டி என் கைப்பையில்தான் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. போலீஸ் வருமோ, வேலை போகுமோ என்று என்னென்னவோ மனதில் ஓடியது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் இந்த மனுஷி செத்துப்போனால் நாளைக்கு பஸ்ஸில் என் பக்கத்து ஜன்னல் சீட்டில் யார் என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"நான்தாம்மா குடுத்தேன். பத்து நாளா. தெனம் ரெண்டு."

"இது என்ன மாத்திரை?"

"குட்டி வெள்ளை."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு மாத்திரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். "நீங்க இதை எவ்வளவு நாளா சாப்பிடுறீங்க?"

"நானும் சாப்புடறேன்னு யாரு சொன்னது?"

"உங்க மூஞ்சிதான்."

அது ஸ்டீராய்டாம். வலியை அமுக்கும், பசியைக் கிளப்பும், முகத்தை உப்ப வைக்கும், சர்க்கரையை ஏணி போட்டு ஏற்றும். நாத்தனார் பிடித்துப் பாராட்டிய தாடை நோயின் தாடை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்காவுக்கு உடனே சிகிச்சை ஆரம்பித்தார்கள். நான் என்னிடமிருந்த மாத்திரையைக் குப்பைத்தொட்டியில் போடப் போனேன். டாக்டர் பதறித் தடுத்தார். ஒன்றரை வருடம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்தாம். பரிசோதனை பண்ணி, அவர் சொல்கிற கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்க வேண்டுமாம். எந்த டாக்டரும் சாப்பிடச் சொல்லாததை விடுவதற்கு மாதக்கணக்கில் டாக்டரிடம் அலைந்தேன். பெட்டியைக் காலி பண்ணித் திருப்பிக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் மருந்துக்கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். எனக்கு வாய் நீளம், தெருவே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் நிதானமாக, "நீ கேட்ட, நான் குடுத்தேன். இப்ப இன்னாத்துக்குப் பேஜாரு பண்ற?" என்றார். அக்கா வீட்டுக்காரர்கள் கேட்டால் சொல்லலாம் என்று நான் தயாராக வைத்திருந்த பதிலும் அதேதான்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் அக்கா. தெளிந்ததும் நான் அழுது மன்னிப்புக் கேட்டேன். "அழுவாதடி, சிஸ்டரு பாக்குது" என்றார். "கைய நீட்டுனது நானு. ஆனா ஒண்ணு, இனிமே எனுக்குத் தண்ணி பாட்டில் மட்டும் குடு."

பஸ்ஸில் என் வைத்தியசாலை மூடப்பட்டது. "இன்னாக்கா, ஒரே ஒரு வெள்ளை" என்று ஒரு மாதம் வரை கெஞ்சினார்கள். நான் பெட்டியைத் திறந்து காட்டினேன். உள்ளே கடுகு இருந்தது.

மூன்று வாரம் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். கையில் டாக்டர் கடிதம். முட்டி தேய்ந்திருக்கிறது, உட்கார்ந்து செய்யும்படி வேலை கொடுங்கள் என்று எழுதியிருந்தது. சூப்பர்வைசர் கடிதத்தை இரண்டு முறை படித்தார், தலையைச் சொறிந்தார், ஸ்டோர் ரூமுக்குள் போனார். தூசி தட்டி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பெல்ட் ஓரத்தில் போட்டார். அக்கா உட்கார்ந்தார். மூடிகள் எப்போதும்போல ஓடிவந்தன. கை எட்டியது, கண் எட்டியது, ஒரு மூடிகூடத் தவறவில்லை.

நான் கை வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஸ்டூல் இத்தனை வருடமும் அந்த அறையில்தான் இருந்திருக்கிறது. ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்தேனே, ஒருத்திக்காவது உட்கார ஏதாவது கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே! என்மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

அன்றைக்கு மதியமே நாங்கள் நாலு பேர் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றோம். இழுத்தடித்து, முகம் சுளித்து, கடைசியில் இன்னும் இரண்டு ஸ்டூல் வந்தது. ஆளுக்கு அரை மணி என்று மாறி மாறி உட்காருகிறோம்; அக்காவும் தன் ஸ்டூலை இந்த முறையில் சேர்த்துவிட்டார். என் முகம் வற்றிப் பழையபடி ஆகிவிட்டது. இளைத்துவிட்டாயே என்று நாத்தனார் வருத்தப்படுகிறாள்.

போன வாரம் என் முறை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்றிருந்த அக்கா, பழைய மாதிரியே உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார்.

"டாக்டரம்மா, முட்டி வலிக்கிது. இன்னா குடுப்ப?"

நான் எழுந்து ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினேன்.