கண்ணில் விட்ட அட்ரோபின்

திராட்சைக்கு மருந்து அடிக்கிற மாதங்களில் எங்கள் ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசிமருந்துதான் முதலில் தீரும். எண்பதுகளின் தொடக்கம் அது. உத்தமபாளையம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். தோட்டக்காரர்கள் பூச்சிமருந்தை டிரம்மில் ஊற்றி, வெறுங்கையை முழங்கை வரை விட்டுக் கலக்குவார்கள். காற்றுக்கு எதிரே நின்று அடிப்பார்கள். கேட்டால், "காத்து நம்ம பேச்சையா கேக்குது?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை கம்பம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள். முப்பது வயது இருக்கும். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்ணின் பாப்பா கடுகாகச் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்து விஷத்தை முறிக்க டாக்டர் உடனே அட்ரோபின் போட ஆரம்பித்தார். மதியத்துக்குள் நுரை வற்றி மூச்சு சீரானது. "இனி இடைவெளி விட்டுப் போடுங்க. ஆனா நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பிரசவத்துக்காக அவர் உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் வினை. அட்ரோபின் உயிரைக் காப்பாற்றும், ஆனால் சும்மா காப்பாற்றாது. வாய் காயும், முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், சுருங்கிய பாப்பா விரிந்துபோகும், சிலருக்குப் புத்தியும் தடுமாறும். இவர் எழுந்து உட்கார்ந்து, இல்லாத திராட்சைக் கொத்துகளைக் காற்றிலிருந்து பறித்து மடியில் போட்டார். கட்டில் காலைப் பார்த்து, "தள்ளி நில்லுத்தா, மருந்து மேல படும்" என்றார்.

கூட வந்திருந்த மச்சான், அவர் மனைவியின் அண்ணன், வெளுத்துப்போனார். தோட்டத்துக் கிணற்றில் ஒரு பெண் விழுந்து செத்திருக்கிறாளாம்.

"கண்ணப் பாருங்க நர்சம்மா. மனுசக் கண்ணா அது? கெணத்துக்காரி பிடிச்சிட்டா. வருசநாட்டுல பேயோட்டுற கோடாங்கி ஒருத்தர் இருக்காக. வாசல்ல காரு நிக்குது. தூக்கிட்டுப் போறோம்."

"ஊசி பண்ற வேலைண்ணே இது. மருந்து எறங்குனா தெளிஞ்சிரும். இப்ப ஊசிய விட்டா, நீங்க வருசநாடு போறதுக்குள்ள நுரை தள்ளி மூச்சு நின்னுரும்."

"ஊசி போட்டா நோவுதான் போகும். பைத்தியமா பிடிக்கும்?"

மனைவி புருசனின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் இன்னொரு வார்த்தை சொன்னால் எழுந்துவிடுவாள் என்று தெரிந்தது. நான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்பவள் என்று ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயர். இந்த ஆளை வாசல் தாண்ட விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பேசி ஆகப்போவது எதுவும் இல்லை. அலமாரியில் கண்ணுக்கு விடுகிற அட்ரோபின் சொட்டுமருந்து இருந்தது. அதை எடுத்து வந்து, அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்து என் இடது கண்ணில் விட்டுக்கொண்டேன்.

"இதுவும் அதே மருந்துதான். என் கண்ணப் பாத்துக்கிட்டே இரு. அவுக கண்ணு மாதிரி ஆகலைன்னா, கார்க் கதவ நானே தெறந்து விடுறேன்."

அண்ணன் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். எனக்கு இடது பக்கம் மெல்ல மங்கியது. அடுத்த ஊசியை வலது கண்ணால் பார்த்துத்தான் ஏற்றினேன். உள்ளுக்குள் பயம்தான். சொட்டுமருந்து பழசாகி வீரியம் போயிருந்தால் என்ன செய்வது?

கொஞ்ச நேரம் கழித்து அவள் என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். பார்த்தாள். பிறகு புருசனின் கண்ணைப் பார்த்தாள்.

"அண்ணே, காரப் போகச் சொல்லு."

"ஆத்தா, யோசிச்சு…"

"போகச் சொல்லுண்ணே."

வெளியே வந்த டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். வாங்கிக்கொண்டேன். ஒரு வாரத்துக்கு மேல் வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

மறுநாள் மாலைக்குள் அவருக்குப் புத்தி தெளிந்துவிட்டது. நாடி பார்க்கப் போனேன். என் முகத்தையே உற்றுப் பார்த்தவர், மனைவி பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"இந்த நர்சம்மாவுக்கு ஒரு கண்ணு என்னமோ மாதிரி இருக்கு. கெட்ட காத்து பட்டிருக்கும். கோடாங்கிகிட்டக் காட்டச் சொல்லு."

"ஒங்களப் பிடிச்சதுதான் அவுகளயும் பிடிச்சிருக்கு. பேசாமப் படுங்க" என்றாள். அதுவரை அழாமல் இருந்தவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.