கீழே கையெழுத்து, மேலே வெள்ளை

என் மேசை லாச்சியில் முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு வெற்றுத் தாள் கிடந்தது. அடியில் மட்டும் என் கையெழுத்து, கோழி கிளறியது போல. போன கிழமை மகள் அதைத் தூக்கிப் பிடித்து, "அப்பா, இது வேணுமோ, எறியட்டோ?" என்றாள். ஆலோசகர் ஐயா ஞாபகத்துக்கு வந்தார். கூடவே பழைய கோபமும்.

ஐயா புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்தோசீனாவில் ஒரு ராசாவுக்கு இருபத்தெட்டு வருடம் ஆலோசகராக இருந்தவர். ராசா வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவாராம். ஆளுநருக்கு எழுத வேண்டியதை ஐயா பிறகு மேலே நிரப்புவார். நான் அறிந்தபோது எண்பது தாண்டியவர். பிரான்சுக்கு வந்து லா சப்பலில் நான் கோப்பை கழுவிய சாப்பாட்டுக்கடைக்கு மேலே அவருக்கு ஒற்றை அறை. கழுத்துப்பட்டி கட்டாமல் படியிறங்க மாட்டார். அகதி விண்ணப்பம் எழுத எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஊரில் விட்டுவந்த மனைவியையும் கைக்குழந்தையையும் கூப்பிட அதை விட்டால் வழியும் கிடையாது. ஆமிக்காரர் என்னைக் கட்டித் தூக்கி அடித்ததை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். "முதல்ல கீழ கையெழுத்து போடு தம்பி. ரெண்டு தாள்ல போடு, ஒண்ணு கையிருப்பு," என்றார். போட்டேன். கையில் சவர்க்கார நுரையோடு ஒரு நிமிடம் நானும் ராசா.

விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் ஒரு மொழிபெயர்ப்பாளர் அதன் பிரதியை வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரிலை உங்களுக்குக் கொஞ்சம் அசௌகரியமாம். பிரான்சின்ரை காலநிலை நல்லதாம். உதுக்கே அண்ணை அகதி கேட்டனீங்கள்?"

படியேறிப் போய்க் கத்தினேன். ஐயா அசையவில்லை. "அடிச்சான், உதைச்சான்னு எழுதினா துரை முகம் சுளிப்பான். இருபத்தெட்டு வருஷத்துல என் கடுதாசி ஒண்ணுகூடத் திரும்பல. பிடுங்கின மாகாணத்தைத் திருப்பித் தான்னு ராஜா கேட்டார். நான் அரண்மனைக் கூரைக்கு ஓடு கேட்டு எழுதினேன். ஓடு வந்துச்சு தம்பி!"

பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மேன்முறையீட்டில் நானே உடைந்த பிரெஞ்சில் சொல்லி, சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினேன். ஏற்றார்கள். ஆனால் அதற்குள் நாலு வருடம் போய்விட்டது. விமான நிலையத்தில் மகள் என்னை "மாமா" என்று கூப்பிட்டாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தேன்.

ஐயா செத்தபோது அறையை ஒதுக்கியவனும் நான்தான், வேறு ஆளில்லை. ராசா கையெழுத்திட்ட தாள்களின் கட்டுக்கு அடியில் கிடந்தது என் கையிருப்புத் தாள்.

"எறியாதை," என்றேன் மகளிடம்.

"அப்ப கடைக்கு லிஸ்ட் எழுதுறன்," என்று என் கையெழுத்துக்கு மேலே எழுதினாள்: முருங்கைக்காய், ஒடியல் மா, கறிவேப்பிலை. லா சப்பல் கடைக்காரர் வாசித்து வாசித்து எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். முருங்கைக்காய் முருங்கைக்காயாகவே இருந்தது. ஓடு இல்லை.