மே மாதத்தில் வெட்டிய தண்டுகள்

ஆர்லன் முப்பத்தொரு வருடம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வடக்கில் சாலைப்பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். வழியில் கிடப்பதை வழித்து ஓரமாக ஒதுக்குவதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. மனைவி ஆர்டிஸ் முழங்கால் அறுவைக்குப் பிறகு மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கியபோது, அவள் திரும்புவதற்குள் தோட்டத்தைச் சுத்தமாக்கிவிட நினைத்தார்.

கிழக்குச் சுவரோரம் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் ஹைட்ராஞ்சியாச் செடி நின்றது. பனி விழும் முன் ஆர்டிஸ் அதைச் சுற்றிக் கம்பிவலை கட்டி, உள்ளே ஓக் சருகுகளை நிரப்புவாள். ஆர்லன் அந்தப் பக்கம் போனதே இல்லை. மகன் கர்ட் கடைசி முறை அன்னையர் தினத்துக்குத் தொட்டியோடு வாங்கி வந்த செடி அது. அடுத்த மார்ச்சில் ஏரியின் பனிப்பாளம் உடைந்து அவன் மூழ்கிப் போய்விட்டான். பதினோரு வருடம் ஆகிறது. ஜூலை இரண்டாம் ஞாயிறு, அவன் பிறந்தநாளை ஒட்டி, அந்தச் செடியின் முதல் பூக்களை ஆர்டிஸ் தேவாலயப் பீடத்தில் வைப்பாள். யார் நினைவாக வைத்த பூ என்று போதகர் பெயரை வாசிப்பார். அந்த ஞாயிறுகளில் ஆர்லன் கொட்டகையில் எதையாவது பழுது பார்த்துக்கொண்டிருப்பார்.

மே முதல் வாரம். வலையைப் பிரித்துச் சருகை வாரினார். உள்ளே வைக்கோல் நிறத்தில் வெறும் குச்சிகள். எல்லாவற்றையும் தரையோடு வெட்டினார்.

பக்கத்து வீட்டு டீன் வேலி மேல் சாய்ந்து நின்றான். “என்னப்பா, பொண்டாட்டி வர்றதுக்குள்ள தோட்டத்துக்கே மொட்டை போட்டுட்டியா?”

“காஞ்சது எதுக்கு நிக்கணும்?” என்றார் ஆர்லன்.

மறுநாள் ஆர்டிஸ் ஊன்றுகோலோடு வந்து செடியின் முன்னால் நின்றாள். தள்ளுவண்டியில் கிடந்த குச்சி ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். பட்டைக்கு அடியில் பச்சை.

“எல்லாத்தையுமா?”

“செத்துப் போச்சுன்னு நெனச்சேன் ஆர்டிஸ்.”

“போன வருஷத் தண்டுலதான் மொதப் பூ வரும். ஜூலைப் பூ.” குச்சியைத் தள்ளுவண்டியிலேயே திரும்ப வைத்தாள். “பரவால்ல. மறுபடி மறுபடி பூக்குற ரகம்தானே. புதுத் தண்டுல ஆகஸ்ட் கடைசில பூத்துடும்.”

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அதன்பின் தினமும் தண்ணீர் ஊற்றினார். உரத்தை அள்ளிப் போட்டார். செடி இடுப்பளவு வளர்ந்தது, எல்லாம் இலை.

“என்ன, கீரைப் பாத்தியா?” என்றான் டீன்.

ஆர்லன் ஒவ்வொரு தண்டின் நுனியையும் விரலால் விலக்கிப் பார்த்தார். மொட்டு இல்லை.

ஜூலை இரண்டாம் ஞாயிறுக்கு முந்தைய நாள் கேட்டார்: “கடைல வாங்கிட்டு வரட்டுமா?”

“கடைப்பூவ அவன் பேர்ல வைக்க மாட்டேன். இந்த வருஷம் வேற யாராவது வைக்கட்டும்னு கோயிலுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன்.”

அவளால் இன்னும் கார் ஓட்ட முடியவில்லை. ஞாயிறு காலை ஆர்லன்தான் அழைத்துப் போனார். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்ப நினைத்தவர், ஏனோ அவளோடு உள்ளே போய் உட்கார்ந்தார். பீடத்தில் யாரோ வைத்த வெள்ளை டெய்சிப் பூக்கள். போதகர் ஒரு மூதாட்டியின் பெயரை வாசித்தார். அடுத்து கர்ட்டின் பெயர் வரும் என்பதுபோல் ஆர்லன் காத்திருந்தார். பாட்டு தொடங்கிவிட்டது. வருடத்தில் ஒரே ஒரு முறை அந்தப் பெயர் வாய்விட்டுச் சொல்லப்படும் இடம் இதுதான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டில் அவர் அதைச் சொன்னதே இல்லை.

ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காப்பி. டீன் தட்டு நிறைய கேக்கோடு வந்தான். “நீ கோயில் படி ஏறியிருக்க, இன்னிக்கு மழைதான்! தோட்டமெல்லாம் எப்படிப் போகுது?”

“கர்ட்டோட செடிய நான் வெட்டிட்டேன்,” என்றார் ஆர்லன்.

டீன் மெல்லுவதை நிறுத்தினான்.

“கர்ட் வாங்கிட்டு வந்தது. உசிரு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அதனாலதான் இன்னிக்கு அவன் பேரப் படிக்கல.”

ஆர்டிஸ் கோப்பையை மேசையில் வைத்தாள்.

“இருந்திருந்தா இப்ப முப்பத்தஞ்சு வயசு,” என்றாள், டீனிடம் அல்ல, அவரிடம்.