நாலாம் மாடியின் பழுப்பு உறை

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு பழுப்பு உறை கிடக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. அதன் வாயின் குறுக்கே நீல மையில் ஒரு கையொப்பம். உறையைத் திறந்தபோது அந்தக் கையொப்பம் இரண்டாகப் பிரிந்துபோனது. ஒபீஸ் துப்புரவாக்க வருபவர் ஒருமுறை அதைக் குப்பைக்கூடையில் போடப் பார்த்தார். “வேண்டாம், அதுக்குள்ள ஆக்கள் இருந்தவங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் தொடர்மாடி எங்களுடையது. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு வாசல் கேற் திறக்கலாம், யாருக்குத் திறக்கக் கூடாது என்று எழுதி வைப்பதுதான் என் வேலை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து, கொம்பியூட்டரைத் தட்டித் தட்டி நானே படித்துக்கொண்டேன். பெயர்களை விட, அவற்றைத் தரும்போது ஆட்கள் சொல்லும் கதைதான் எனக்குப் பிடிக்கும். “நிரந்தரமாக வசிப்போர்” என்ற கட்டத்தைக் காட்டி ஓர் அங்கிள் கேட்டார்: “நிரந்தரமா ஆர் இருக்கினம் பிள்ளை? மகள் கனடாவில, மகன் லண்டனில. நானும் விசாவுக்குப் போட்டிட்டு இருக்கிறன்.” அதை அப்படியே படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

கேற்றுக்கு, அட்டையை வைத்தால் திறக்கும் காட் மெஷின் பொருத்திய வருடத்தில் எல்லா வீட்டுப் படிவமும் வந்து சேர்ந்தது. நாலாம் மாடி அன்ரியின் படிவத்தில் மட்டும் வீட்டு இலக்கமும் “மூன்று பேர்” என்பதும் இருந்தன. பெயர் இல்லை, அடையாள அட்டை இலக்கம் இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து மேலே போனேன். அன்ரி கதவை அரைவாசி திறந்து நின்றார். உள்ளே, பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையான அங்கிளின் இருமல் கேட்டது.

“பிள்ளை, நான் இளம் பெட்டையா இருக்கேக்க, எண்பத்திமூண்டுக் கலவரத்தில, தமிழ் ஆக்களின்ர பேர் எழுதின பேப்பரைக் கையில வைச்சுக்கொண்டு வீடு வீடா வந்தவங்கள். எங்கட வீட்டு இலக்கத்தை ஒருத்தன் வாசிச்சது இப்பவும் காதில கேக்குது. ஆக்களை எண்ணிக்கொள்ளும், பேரை மட்டும் கேளாதையும்.”

கீழே இறங்கி வந்து அந்தப் படிவத்தைக் கோப்பின் அடியில் வைத்தேன். ஆனால் மெஷினுக்கு இந்தக் கதை தெரியாது. பதியாத வீட்டுக்குக் காட் இல்லை. பதியாதவர் வெளியாளை உள்ளே விடச் சொல்லி ஒப்பமும் வைக்க முடியாது. மெஷின் ஓடத் தொடங்கிய முதலாம் திகதி காலை, அங்கிளைப் பார்த்துக்கொள்ள மட்டக்குளியிலிருந்து வரும் அக்கா கேற்றுக்கு வெளியே மறிக்கப்பட்டார். சாப்பாட்டுப் பாத்திரத்தை மார்போடு அணைத்தபடி நின்றார். தட்டினால் திறக்கும் கேற்றுத்தான் அது நேற்றுவரை.

“நம்ம கையில இல்ல, மெஷின் சொல்லுது” என்றார் நாங்கள் அய்யே, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் சிங்களக் காவலாளி, பாவமாக.

“அந்த மெஷின் வந்து ஐயாவத் திருப்பிப் படுக்க வைக்குமா? நான் என்ன கள்ளியா இப்புடி ரோட்டுல நிக்க? நாளைக்கும் இப்புடின்னா நான் வரமாட்டேன் மிஸ்.”

அதற்குள் அன்ரியே இறங்கி வந்துவிட்டார். மேலே அங்கிள் தனியாக. அந்த அக்கா நின்றுவிட்டால் அவரைத் தூக்கி இருத்த அந்த வீட்டில் வேறு கை இல்லை. என் சொந்தப் பெயரில் ஒப்பம் வைத்து அக்காவை உள்ளே அனுப்பினேன். அதற்கு நிர்வாகக் குழுத் தலைவரிடம் பேச்சும் வாங்கினேன். ஓய்வுபெற்ற எஞ்சினியர் அவர். “நெருப்புப் பிடிச்சா ஆரைத் தேடுறது? பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாமோ?” என்றார். அவர் கேட்டதிலும் பிழையில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து வீடு போகும்போது ஒரு யோசனை வந்தது. மறுநாள் கொம்பியூட்டரில் அந்த வீட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் மட்டும் போட்டு, அக்காவுக்கும் சேர்த்து மூன்று காட் அடித்தேன். பெயர்களை அன்ரி தன் கையால் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, வாயின் குறுக்கே ஒப்பம் வைத்துத் தருவார். அது என் அலுமாரியில் இருக்கும். ஆபத்து என்றால் மட்டும் உடைப்பது. தலைவர் கொஞ்சம் முனகிவிட்டுச் சரி என்றார்.

“நான் கேட்டா எந்த நேரமும் திருப்பித் தருவீரோ?” என்று அன்ரி மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஓம் என்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அன்ரி ஒபீஸுக்கு வருவார். உறையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துத் திருப்பித் தருவார். பிறகு பிளாஸ்கிலிருந்து எனக்குக் கோப்பி ஊற்றுவார். அங்கிளின் புது அடம் ஒன்றைச் சொல்வார்: “இண்டைக்கு இடியப்பம் வேண்டாமாம். மனுசனுக்கு வாய் மட்டும் வடிவா வேலை செய்யுது.” சில மாதத்தில் உறையைக் கேட்கவே மறந்தார், கோப்பி மட்டும் தவறவில்லை.

ஒருநாள் திடீரென்று உறையைத் தாரும் என்று வாங்கிக்கொண்டு போனார். ஏன் என்று சொல்லவில்லை. என்னில் நம்பிக்கை போய்விட்டதோ, யாராவது ஏதாவது சொன்னார்களோ என்று அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் காலை புது உறையில் புது ஒப்பத்தோடு கொண்டுவந்து வைத்தார். “பழசில ஒரு குறை இருந்தது” என்றார். நானும் கேட்கவில்லை.

லிஃப்ற் அடிக்கடி நின்றது அங்கிளுக்குச் சரிவரவில்லை. பாமன்கடையில் கீழ்வீடு ஒன்று கிடைத்ததும் போன வருடம் மாறினார்கள். மூன்று காட்டையும் மேசையில் வைத்த அன்ரியிடம் உறையை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

“நீரே பிரிச்சுப் பாரும். பிறகு கிழிச்சுப் போடும்.”

பிரித்தேன். அன்ரியின் பெயர், அங்கிளின் பெயர், மட்டக்குளி அக்காவின் பெயர். மூன்றும் தகப்பன் பெயரோடு, முத்து முத்தாக. அவற்றை நான் இங்கேயும் எழுதப் போவதில்லை. நாலாவதாக, மூன்று பேர் உள்ள வீட்டுக்குத் தேவையில்லாத ஒரு வரி; பழசில் இருந்த குறை இதுதான்: “ஒபீஸ் பிள்ளை. எங்கட வீட்டுக்கு எந்த நேரமும் வரலாம்.”

“ஏன் அன்ரி, என்ட பேர் தெரியாதா?”

“தெரியும். உம்மையும் ஏன் ஒரு பேப்பரில மாட்டிவிடவேணும் எண்டுதான்.”

இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணும் நிறைந்தது. அவர் முன்னாலேயே தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்தேன். உறையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் வைத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் கேற்றுக்கு மெஷினும் மாறிவிட்டது. போனில் ஒரு நம்பர் வருகிறது, அழுத்தினால் திறக்கிறது. போன ஞாயிறு பாமன்கடைக்குப் போனேன். அங்கே ஒரு தகரக் கேற்றும் கொளுக்கியும்தான். தட்டினேன்.

“யாரு?” என்று உள்ளிருந்து கேட்டது மட்டக்குளி அக்காவின் குரல்.

வாயில் வந்த பெயரை விழுங்கிவிட்டு, “ஒபீஸ் பிள்ளை” என்றேன்.

“அவவை என்ன கேள்வி கேக்கிறீர்?” என்று அன்ரி அதட்டுவதும், அதற்கு அங்கிள் ஏதோ முனகுவதும் கேட்டன. கொளுக்கி கழன்றது.