ஆயா ஏறிப் போன பாசஞ்சர்

போன மாதம் இருமல் விடவில்லை என்று சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். பேத்தி வயசுப் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையாகக் கிடந்தீர்களா, பழைய தழும்பு ஒன்று தெரிகிறதே என்று கேட்டாள். பயப்பட ஒன்றுமில்லையாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் வழிநெடுக யூகலிப்டஸ் தைல வாசனை அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் யாரும் தைலம் பூசியிருக்கவில்லை. அது எங்கள் ஆயாவின் வாசனை.

ஆயா என்றால் அப்பாவைப் பெற்றவள், ஆரோக்கியம்மாள். பொம்மிடியிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் போனால் எங்கள் ஊர். கிறிஸ்தவ வீடுகள் பதினைந்து இருக்கும். கேழ்வரகும் கடலையும் போட்டுப் பிழைத்தோம். ஓடு வேய்ந்த சின்னக் கோயில் ஒன்று இருந்தது. சாமியார் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆயாதான் செபம் சொல்வாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் காதில் கேட்டுப் படித்தது. சாமியார் வரும் நாளில் கோயில் வாத்தியார் வேதப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும்போது ஒரு வார்த்தை விட்டுப்போனால், தரையில் உட்கார்ந்தபடியே அந்த வார்த்தையை மட்டும் சத்தமாகச் சொல்வாள். வாத்தியார் திரும்பி வந்து அதைச் சேர்த்துக்கொண்டு போவார்.

பிள்ளைகளுக்குச் சளி என்றால் ஊரே அவளிடம் வரும். தைலம் தேய்த்து, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவாள். மாரியம்மன் கோயில் பூசாரியின் மனைவிகூடக் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். உங்கள் சாமி கோபித்துக்கொள்ளாதா என்று ஆயா ஒருமுறை கேட்டதற்கு, "சளிக்கு எந்தச் சாமியா இருந்தா என்னாங்க" என்று அவள் சொன்னதை ஆயா பல வருஷம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்தத் தைலம் எனக்குத்தான் பலிக்கவில்லை. அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இரண்டு வயது. மூச்சு இழுத்துக்கொண்டதாம். தர்மபுரிக்குத் தூக்கிப் போனார்கள். பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். அம்மா அழுது மயங்கிக் கிடக்க, ஆயா என்னை முந்தானையில் சுற்றி வாங்கிக்கொண்டு நேராக எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போய் மாதா சுரூபத்தின் காலடியில் கிடத்தியிருக்கிறாள். இந்தப் பிள்ளையைப் பிழைக்க வை, உனக்கே கொடுத்துவிடுகிறேன், மடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் நான் பால் கேட்டேனாம்.

அதிலிருந்து நான் மாதாவுக்கு நேர்ந்த பிள்ளை. ஊர்ப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டதே 'சிஸ்டரம்மா' என்றுதான். களையெடுக்க அனுப்ப மாட்டார்கள். கோழி அடித்தால் ஈரல் எனக்கு. அண்ணன் என்னை அடித்தால் சாமி குற்றம். இந்தச் சலுகை எதையும் நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் குறை. கனகாம்பரம் வைக்கக் கூடாது. மற்றப் பெண்கள் தலை கொள்ளாமல் வைத்துக்கொண்டு வருவார்கள். நான் முன்னால் உட்கார்ந்திருப்பவளின் பின்னலைப் பார்த்துக்கொண்டே பூசை முழுவதையும் கேட்பேன்.

பெரிய வகுப்புக்குப் போகப்போகத்தான் எனக்கே தெரிந்தது. எனக்கு மடம் வேண்டாம். டீச்சர் ஆக வேண்டும், கல்யாணம் கட்ட வேண்டும், பிள்ளை பெற வேண்டும். இதை யாரிடம் சொல்வது? ஒவ்வொரு சாயங்காலமும் செபமாலை முடிந்ததும் ஆயா என் தலையில் கை வைத்து மாதாவுக்கு நன்றி சொல்வாள். அந்தக் கைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது?

பதினோராம் வகுப்பு முடித்த வருஷம், ஜோலார்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு மடத்துக்கு எழுதிப்போட்டு, வரச்சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. ஒரு நாள் காலை ஆயாவும் நானும் பொம்மிடி ஸ்டேஷனில் பாசஞ்சருக்குக் காத்திருந்தோம். இரண்டு டிக்கெட்டையும் ஆயா சுருக்குப்பையில் வைத்திருந்தாள். என் தகரப்பெட்டியின் மேல் புளிச்சோற்று மூட்டை. வண்டி தாமதம். சீக்கிரம் வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"ஆயா, எனக்கு மடத்துக்குப் போவ இஷ்டமில்ல."

ஆயா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். ரொம்ப நாளாக என்றேன். ஏன் சொல்லவில்லை என்றாள்.

"நீதான் மாதாகிட்ட சொல்லிட்டியே ஆயா" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆயாவின் உதடு செபம் சொல்வதுபோல அசைந்தது. வண்டி வந்து நின்றது. கையைப் பிடித்து ஏற்றிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சோற்று மூட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நேந்துக்கினது நானு. நீயா நேந்துக்கின? அப்ப பால் குடிக்கிற புள்ள நீ. அழுவாத. வூட்டுக்குப் போயி அப்பங்கிட்ட சொல்லு, ஆயா போயிருக்குதுன்னு."

மாற்றுப் புடவைகூட இல்லாமல் வண்டியில் ஏறிவிட்டாள்.

அங்கே நடந்ததைப் பிற்பாடு ஒரு மலையாளத்துச் சிஸ்டர் எனக்குச் சொன்னார். மடத்துத் தலைவியான மதரிடம் நேராகப் போய், கொடுக்கிறேன் என்று சொன்ன பிள்ளை வரவில்லை, அதற்குப் பதில் நான் வந்திருக்கிறேன் என்றாளாம். மதர் சிரித்துவிட்டார். அறுபதைத் தாண்டிய, பேரன் பேத்தி எடுத்தவளை எந்த மடத்தில் சேர்ப்பார்கள்? சிஸ்டராக வரவில்லை, வேலை சொல்லுங்கள் என்றிருக்கிறாள் ஆயா. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று, மடத்தை ஒட்டி ஆதரவற்ற கிழவிகளுக்காக நடத்திய இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கே முப்பது கிழவிகள் அரிசிக் கஞ்சியை முகம் சுளித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை ஆயா அடுப்பில் கேழ்வரகுக் களி கிளறினாள். இரண்டு நாள் ஐந்து வருஷம் ஆனது.

அப்பா இரண்டு முறை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். வரவில்லை. மாதா சுரூபத்துக்கு எதிரே நின்று கொடுத்த வாக்கைக் மண் போடப் போகிற மகனுக்காக மாற்ற முடியுமா என்று கேட்டாளாம். அப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பாட்டியை மடத்துக்குத் தள்ளிவிட்டுத் தான் தப்பித்துக்கொண்டாள் என்று ஊர் பேசியது. அதில் பொய் என்ன இருக்கிறது? நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். இரண்டு வருஷம் ஆயாவைப் பார்க்கப் போகவே இல்லை.

வேலை கிடைத்த பிறகுதான் போனேன். வாசலிலேயே தலையிலிருந்த பூவை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆயா ஒரு கிழவிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி, ஊரில் நான் பார்த்ததேயில்லை. என்னை உட்காரவைத்துப் பின்னலைத் தடவினாள். அங்கே ஒட்டிக்கொண்டிருந்த, பூ கட்டிய நாரைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"பூ எங்க? போயி வச்சிக்கினு வா. கணக்கெல்லாம் எனக்கும் மாதாவுக்குந்தான். உனக்கு அதுல ஒண்ணுமில்ல."

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் ஆயா இறந்துபோனாள். அப்பா ஊருக்கு எடுத்துப்போக வண்டி பேசிக்கொண்டு வந்தார். அந்தக் கிழவிகள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை. யாரும் கத்தவில்லை, சண்டை போடவில்லை. கண் தெரியாத ஒருத்தி மட்டும், "எங்களுக்கு வேற யாருங்க இருக்காங்க" என்றாள். அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர்களின் கல்லறைத் தோட்டத்தில், அவர்கள் வரிசையிலேயே ஆயாவை வைத்தார்கள். மதரே மேலிடத்தில் அனுமதி கேட்டு அந்த இடத்தைக் கொடுத்தார்.

இப்போது அந்த இல்லம் இல்லை. கிழவிகள் ஒவ்வொருவராகப் போன பிறகு அதை மூடிவிட்டார்கள். மலையாளத்துச் சிஸ்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சமையல்கட்டு இருந்த இடத்தில் நான்கு மாடிப் பள்ளிக்கூடம் நிற்கிறது. பிற்பாடு கல்லறைகளுக்குச் சிமெண்டு போட்டபோது சிஸ்டர்களுக்குப் பெயர் பொறித்தார்கள். ஆயாவின் மரச்சிலுவை அதற்கு முன்பே கரையான் அரித்து விழுந்திருக்க வேண்டும். வரிசையில் இரண்டு கல்லுக்கு நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு வெறும் புல்தரை இருக்கிறது. காவல்காரர், அங்கே யாரையும் வைக்கவில்லை, இடம் காலிதான் என்கிறார்.