இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். பக்கத்து சீட்டில், அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. முப்பது வருஷமாக, “பயப்படாதே, நேரா பாரு” என்று அதட்டியே பிழைத்த மனுஷன். அந்தக் குரலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வர மட்டும் தெரியவில்லை. புதுப்பெண்ணாக இருந்தபோது சிரித்துக்கொண்டே “சரிங்க சார்” என்ற மனைவி, போகப்போகச் சிரிக்காமலே சொல்லப் பழகிக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் குழந்தை மாதிரி அவர் விரலைப் பிடித்தாள்.

“பயமா இருக்குங்க.”

“பயப்படாதே. நேரா பாரு.”

அவள் விரலை விட்டாள். “சரிங்க சார்.” அதுதான் கடைசிப் பேச்சு.

ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனார். புதிதாக வந்த பெண் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, “பயமா இருக்கு சார்” என்றாள்.

“எனக்கும்தாம்மா,” என்றார்.

கார் இன்னும் கிளம்பவே இல்லை. அவர் கால் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது.