கூடாரத்தில் கட்டிய கொடி

தொண்ணூறுகளில், ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கணவரின் எல்.டி.சி. விடுமுறைப் பயணச் சலுகையில் முதுமலைக் காட்டோரம் ஒரு சொகுசுக் கூடாரத்தில் மகளோடு தங்கினோம். காட்டுக்குத் தொந்தரவு கூடாதென்று அங்கே கரண்ட் வைக்கவில்லை, அரிக்கேன் விளக்குதான். கட்டில், மெத்தை, குளியலறை எல்லாம் இருந்தன. துணி காயப்போடத்தான் இடமில்லை.

"பையில நைலான் கயிறு கீதே," என்று கூடாரக் கம்பத்திலிருந்து மரத்துக்குக் கொடி கட்டினார் கணவர்.

விடிகாலையில் கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். கம்பம் அவள் கட்டில்மேல் விழுந்தது. வெளியே, கொம்பில் கயிறு சிக்கிய மான் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது.

ஓடிவந்த முகாம் காவலாளி கயிற்றை அறுத்துவிட்டார். "அது தண்ணிக்குப் போற வழிம்மா," என்றார். கணவரின் பனியன் கொம்பில் தொங்க, மான் காட்டுக்குள் போனது.

இப்போது வீட்டிலும் பொழுது சாய்ந்ததும் கொடியை அவிழ்த்துவிடுகிறேன். ஆவடியில் மான் இல்லை; மாடு உண்டு.